நம் ஃபாலோயர் பட்டியலை யார் கேட்டது?

போன மாதம் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கூடவே ஓர் எக்ஸல் கோப்பு. திறந்து பார்த்தால், எங்கள் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கணக்கின் பெயர், சுயவிவரத்தில் எழுதியிருப்பது, ஊர், கல்லூரி, வேறு எந்தெந்தப் பக்கங்களைப் பின்தொடர்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. கடைசிப் பத்தியின் தலைப்பு 'எஸ்சி, உத்தேசம்'. அதற்குக் கீழே ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஓர் எண். 0.62. 0.87. 0.91.

அனுப்பியவர் நமக்கு எதிரி இல்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. எதிரி அனுப்பியிருந்தால் நேராக காவல் நிலையத்துக்குப் போயிருப்போம். இவர் ஓர் ஆய்வு மாணவர். சாதி எதிர்ப்புக் கருத்துகள் இணையத்தில் யாரிடம் போய்ச் சேர்கின்றன என்று ஆராய்கிறாராம். பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, இரண்டு இரவு ஓடவிட்டு எடுத்தாராம். 'உங்கள் அமைப்புக்கும் உதவும் என்று அனுப்புகிறேன்' என்று கடைசியில் ஒரு வரி. நல்ல மனசோடுதான் அனுப்பியிருக்கிறார்.

நாங்கள் முதலில் என்ன செய்தோம் தெரியுமா? அவரவர் பெயரைத் தேடினோம். எங்களில் ஒருவருக்கு 0.34தான் விழுந்திருந்தது. 'அப்ப என் சாதிச் சான்றிதழ தாசில்தார்கிட்ட திருப்பிக் கொடுத்துடவா?' என்றார். சிரித்தோம். கொஞ்சம் கீழே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. எங்களுக்குத் தெரிந்த ஒரு தங்கையின் கணக்கு. படத்தில் முகம் கிடையாது, சொந்தப் பெயர் கிடையாது. வேலைக்காக ஊரைவிட்டு வந்து, சாதியைச் சொல்லாமல் ஓர் அறை பிடித்து, உடன் தங்கியிருக்கும் பெண்களோடு ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர். அவருக்கு எதிரே 0.91.

அவர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தை ஃபாலோ பண்ணினார், அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது என்று தொழில்நுட்பம் படிக்காத தோழர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஒரு கணக்கின் ஃபாலோயர் பட்டியலை நீங்கள் கைபேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். ஸ்கிரிப்டுக்கு அலுக்காது. அது சர்வரிடம் 'முதல் பக்கத்தைக் கொடு' என்று கேட்கும். வந்ததை எழுதி வைத்துக்கொண்டு 'அடுத்த பக்கம்' என்று கேட்கும். பக்கம் தீரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். ட்விட்டர் தன் ஏபிஐயை இலவசமாகத் திறந்து வைத்திருந்த காலத்தில், ட்வீப்பி என்ற பைத்தான் நூலகத்தை வைத்துப் பத்துப் பதினைந்து வரிகளில் இதை முடித்துவிடலாம். ஒரு கேள்விக்கு 5,000 கணக்கு எண்கள் வரும். 15 நிமிடத்துக்கு 15 கேள்விகள் கேட்கலாம். ஆக, கால் மணி நேரத்தில் 75,000 பேர். ஒரு நடுத்தர நகராட்சியையே டீ குடித்து முடிப்பதற்குள் எழுதி எடுத்துவிடலாம்.

2023இல் எலான் மஸ்க் அந்த இலவசக் கதவை மூடினார். மாதம் 100 டாலர் கட்டினால் கொஞ்சம், பெரிய நிறுவனம் என்றால் மாதம் 42,000 டாலரில் தொடக்கம் என்று செய்திகள் வந்தன. வெறுப்புப் பேச்சை அளந்துகொண்டிருந்த ஆய்வாளர்கள்தான் முதலில் வெளியே தள்ளப்பட்டார்கள். காசுள்ளவனுக்கு எதுவும் மூடவில்லை. இன்ஸ்டாகிராமின் அதிகாரபூர்வ ஏபிஐ இப்போது ஃபாலோயர்களின் பெயர்ப்பட்டியலைத் தருவதில்லை. எண்ணிக்கையும் வயது, ஊர் வாரியான மொத்தக் கணக்கும்தான் தருகிறது. அதனால் என்ன? சொந்தக் கணக்கில் உள்ளே நுழைந்து, ஒரு மனிதர் பார்ப்பதுபோல நடித்துப் பட்டியலை உருவும் நிரல்கள் சும்மாவே கிடைக்கின்றன. நிறுவனத்தின் விதி அதைத் தடுக்கிறது, பிடிபட்டால் கணக்கை முடக்குவார்கள். முடக்கினால் இன்னொரு கணக்கு.

பட்டியல் எடுப்பது சின்ன வேலை. கடைசிப் பத்தியை நிரப்புவதுதான் பெரிய வேலை. அதில் இருக்கும் தந்திரத்தை நாம் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் உங்களைப் பற்றி ஒன்றுமே எழுதாவிட்டாலும், நீங்கள் யாரோடு சேர்ந்து நிற்கிறீர்கள் என்பதை வைத்து உங்களைப் படிக்கலாம். 2007இல் அமெரிக்காவின் எம்ஐடியில் இரண்டு மாணவர்கள் ஒரு வகுப்புப் பாடத்துக்காக இதைச் செய்து பார்த்தார்கள். ஃபேஸ்புக்கில் ஒருவர் தன் பாலியல் சார்பைச் சொல்லாமல் விட்டிருந்தாலும், அவருடைய நண்பர்கள் பட்டியலை மட்டும் வைத்து அதை ஊகிக்க முடியுமா என்பது கேள்வி. ஆண்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் முடிந்தது. 2013இல் வெளியான இன்னோர் ஆய்வு, 58,000 தன்னார்வலர்களின் ஃபேஸ்புக் லைக்குகளை வைத்து மதம், அரசியல், பாலியல் சார்பு எல்லாவற்றையும் ஊகித்துக் காட்டியது. அங்கே பாலியல் சார்பு. இங்கே சாதி. கணிதம் ஒன்றுதான்.

இந்த ஊகம் தமிழ்நாட்டில் என்ன செய்கிறது என்று பாருங்கள். வடக்கே ஒருவரின் குடும்பப் பெயரைக் கேட்டால் போதும், பல நேரம் சாதி தெரிந்துவிடும். இங்கே 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் தூக்கி எறியச் சொன்னது. அதன் பிறகு நாம் ஓர் எழுத்தை முன்னால் வைத்து வெறும் பெயரோடு வாழக் கற்றுக்கொண்டோம். சாதி ஒழியவில்லை, தெரியும். ஆனால் ரயிலில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர், நேர்காணல் எடுக்கிறவர், வீடு வாடகைக்கு விடுகிறவர் ஆகியோருக்குப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மைத் தெரிந்துகொள்ள முடியாமல் போனது. 'சொந்த ஊர் எது தம்பி? ஊர்ல எந்தத் தெரு?' என்று சுற்றிவளைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தச் சங்கடமே நமக்குக் கிடைத்த ஒரு சின்ன வெற்றி. பெயரிலிருந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நாம் அழித்து வந்ததை, ஃபாலோயர் பட்டியலிலிருந்து இரண்டே இரவில் திரும்ப எழுதிவிடுகிறது ஒரு ஸ்கிரிப்ட். அம்பேத்கர் படம் போட்ட பக்கம் ஒன்று, இரட்டைமலை சீனிவாசன் பெயரில் ஒன்று, ஊர்க் கிரிக்கெட் அணியின் பக்கம் ஒன்று, பறையிசைக் குழு ஒன்று. நாலையும் பின்தொடர்ந்தால் 0.91.

தென்மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் கலர் கயிற்றை நாம் அறிவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கலர் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடைசெய்யச் சொன்னது அந்தக் குழு. கயிற்றையாவது கட்டிக்கொள்கிறவன் அறிந்தே கட்டிக்கொள்கிறான், வேண்டாம் என்றால் அறுத்துப் போடலாம். இந்த எக்ஸல் கயிறு நாம் தூங்கும்போது கட்டப்படுகிறது. நம் கையில் இருப்பதே நமக்குத் தெரியாது.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: 'எல்லாம் பப்ளிக்காக இருப்பதுதானே! யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்தானே!'

ஆய்வு மாணவரும் இதைத்தான் சொன்னார். நம் தோழர்களும் சொல்கிறார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் ஒருவன் நோட்டுப் புத்தகத்தோடு தினமும் வந்து உட்கார்ந்து, யார் யாரோடு வந்தார்கள், எந்த டம்ளரில் குடித்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்து போனார்கள் என்று ஆறு மாதம் எழுதி, அந்த நோட்டை ஊர்ப் பெரியதனக்காரரிடம் கொடுத்தால் அதையும் 'பார்ப்பது' என்றா சொல்வீர்கள்? இரட்டைக் குவளையை எதிர்த்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இதற்கு நடந்த உதாரணமே இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, சாதி மதம் கடந்து மணம் செய்ய விரும்புகிறவர்கள் 30 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். பெயர், முகவரி எல்லாம் இருக்கும். பப்ளிக்தான். கேரளத்தில் அந்த அறிவிப்புகளை இணையத்திலும் போட்டுவந்தார்கள். மதவெறிக் கும்பல்கள் அங்கிருந்து அவற்றை மொத்தமாக அள்ளி, ஜோடிகளின் படத்தோடும் முகவரியோடும் சமூக ஊடகத்தில் சுற்றவிட்டன. 2020 ஜூலையில் கேரள அரசு இணையத்தில் போடுவதை நிறுத்தியது. பலகையில் இருந்தவரை அலுவலகத்துக்கு வந்த பத்துப் பேர் பார்த்தார்கள். அள்ளிச் சேர்த்தபோது அது வேட்டைக்காரன் பட்டியல் ஆனது.

இங்கே யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது உயிர் போகிற தகவல். 2015 ஜூனில் கோகுல்ராஜ் திருச்செங்கோடு கோயிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அது ஒன்றுதான் அவர் செய்தது. அடுத்த நாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அவரைக் கண்டுபிடிக்க எந்த ஸ்கிரிப்டும் தேவைப்படவில்லை, இரண்டு கண்கள் போதுமாக இருந்தன. இப்போது யோசியுங்கள். ஒரு சாதிச் சங்கத்தின் ஐடி விங்கில் இருக்கும் பையன், தன் சாதிப் பெண்களின் கணக்குகளை ஒரு பட்டியலாகவும் நம் பக்கங்களின் ஃபாலோயர்களை இன்னொரு பட்டியலாகவும் எடுக்கிறான். இரண்டு பட்டியலிலும் யார் யாரை மாறி மாறிப் பின்தொடர்கிறார்கள் என்று பார்க்கிறான். பாண்டாஸ் நூலகத்தில் அது ஒரே வரி. பயமுறுத்தச் சொல்லவில்லை. இதைச் செய்யத் தெரிந்த பையன்கள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள், நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

2021 ஜூலையிலும் 2022 ஜனவரி முதல் நாளிலும் முஸ்லிம் பெண்களின் படங்களைச் சமூக ஊடகத்திலிருந்து எடுத்து, கிட்ஹப்பில் செயலி செய்து, 'ஏலம்' விட்டார்கள். சுல்லி டீல்ஸ், புல்லி பாய் என்று பெயர் வைத்தார்கள். பத்திரிகையாளர்களும் செயற்பாட்டாளர்களும் அந்த 'ஏலத்தில்' நிறுத்தப்பட்டார்கள். எல்லாம் பப்ளிக்கான படங்கள்தான். கைதானவர்களில் பொறியியல் மாணவர்கள் இருந்தார்கள். உங்கள் வயது.

சட்டம் காப்பாற்றும் என்று நினைக்கிறீர்களா? 2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தயாரித்த தரவுப் பாதுகாப்பு வரைவில், 'சாதி அல்லது பழங்குடி' என்பது தனிக் கவனம் தேவைப்படும் தகவல்களின் பட்டியலில் இருந்தது. உடல்நலம், பாலியல் சார்பு, மத நம்பிக்கை ஆகியவற்றோடு. 2019இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவிலும் இருந்தது. 2023இல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பட்டியலே காணோம். சாதியும் ஒன்றுதான், உங்கள் செருப்பு அளவும் ஒன்றுதான். போதாததற்கு, ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று மூன்றாம் பிரிவு சொல்கிறது. ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் பதினேழாம் பிரிவில் விலக்கு இருக்கிறது. அதே சட்டத்தின் நாற்பத்துநாலாம் பிரிவு என்ன செய்கிறது தெரியுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்துகிறது. அதிகாரியைப் பற்றி நாம் கேட்டால் 'தனிப்பட்ட தகவல்' என்று கதவைச் சாத்த வழி செய்கிறது. நம்மைப் பற்றி எவனோ அள்ளிக்கொண்டு போனால் 'பொதுத் தகவல்'.

ஒன்றை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தங்கை பொதுவெளியில் வைத்தது ஒரு பூப்படமும் ஒரு புனைபெயரும்தான். சாதியை அவர் வைக்கவில்லை. அதை உண்டாக்கியது ஸ்கிரிப்ட். 'தானே வெளியிட்டார்' என்ற விலக்கு அந்தக் கடைசிப் பத்திக்குப் பொருந்தாது என்பது எங்கள் வாசிப்பு. சட்டம் படிக்கும் தோழர்கள் இதை எடுத்து வாதாட வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொன்ன தீர்ப்பு நம் பக்கம்தான் நிற்கிறது.

சரி, ஊரைத் திட்டியாகிவிட்டது. இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி இருக்கிறார், பொறியியல் மூன்றாம் ஆண்டு. மேலே சொன்ன மின்னஞ்சலுக்கு இரண்டு மாதம் முன்பு அவரே ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். தன் மாவட்டத்தில் ஓயாமல் நம்மை இழிவுபடுத்திப் பதிவு போடும் ஒரு சாதிப் பெருமைப் பக்கத்தின் ஃபாலோயர்களை எடுத்து, அதில் தன் கல்லூரிப் பெயர் போட்டிருப்பவர்களைத் தனியே பிரித்திருந்தார். 'நம்ம காலேஜ்ல மட்டும் நூத்தி நாப்பது பேர் அண்ணா. பேரோட போட்டுடலாம். அவனுங்க மூஞ்சி தெரியட்டும்' என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறோம், எங்களுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு நாள்தான் நாமே பட்டியலில் இருப்பது?

அப்புறம் உட்கார்ந்து படித்தோம். மொத்தப் பட்டியலில் எங்கள் ஆட்களே மூன்று பேர் இருந்தார்கள். என்ன எழுதுகிறான் என்று கண்காணிக்கத்தான் அந்தப் பக்கத்தைப் பின்தொடர்கிறோம். நூற்று நாற்பதில் ஒருவர் அதே கல்லூரியில் படிக்கும் நம் பெண். தன் ஊர்த் திருவிழாத் தகராறு பற்றிய செய்தி அங்கேதான் முதலில் வருகிறதாம், அதனால் பார்க்கிறாராம். கல்லூரிப் பெயரைத் தாண்டிப் பார்த்தால், பள்ளிச் சீருடையில் படம் வைத்திருக்கும் பொடியன்கள் கணிசம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் மாமா சொன்னார் என்று ஒரு பக்கத்தை ஃபாலோ பண்ணியதற்கு அவனைச் சாதிவெறியன் என்று ஊரறிய அறிவிக்கும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

தம்பி விடவில்லை. 'அவங்க நம்மள லிஸ்ட் எடுக்கறப்ப நாம எடுக்கக் கூடாதா?' என்றார். நல்ல கேள்வி, அன்று மாலை முழுக்க அதிலேயே போனது. எங்கள் பதில் இதுதான். இரண்டு பட்டியலும் ஒரே எடை உள்ளவை இல்லை. அவர்கள் பட்டியல் வெளியானால் நம்மேல் வழக்கு வரும், நம் பட்டியல் வெளியானால் நம் வீட்டு வாசலுக்கு ஆள் வரும். 'சாதியை வைத்துப் பட்டியல் போடலாம், தப்பில்லை' என்று நாமே ஒருமுறை செய்து காட்டிவிட்டால், அடுத்த வாரம் அதே ஸ்கிரிப்டை நம் பக்கத்தின் மேல் ஓட்டுகிறவனிடம் என்ன சொல்லித் தடுப்போம்?

இன்னொரு காரியார்த்தமான காரணமும் உண்டு. ஃபாலோயர் பட்டியல் எந்தக் குற்றத்துக்கும் ஆதாரம் ஆகாது. ஒரு பக்கத்தைப் பின்தொடர்வது குற்றமல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட வேண்டும் என்றால், இழிவுபடுத்திய பதிவு வேண்டும், அதன் இணைப்பு முகவரி, நாள், நேரம், போட்ட கணக்கு வேண்டும். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்க பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும், கோப்பின் ஹேஷ் மதிப்பும் வேண்டும். 2024 ஜூலை முதல் இதுதான் நடைமுறை. தம்பியின் நூற்று நாற்பது பெயரில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அவருக்கு இதைச் சொன்னதும் முகம் மாறியது. இப்போது அவருடைய ஸ்கிரிப்ட் ஆட்களை எடுப்பதில்லை. அந்தப் பக்கத்தின் பதிவுகளை, அழிப்பதற்குள், நாள் நேரத்தோடு சேமிக்கிறது. புகார் தயாராகிக்கொண்டிருக்கிறது. எந்தக் காவல் நிலையம் வாங்கும் என்பது வேறு கதை, அதற்குத் தனியாக ஒரு பதிவு தேவை.

நாங்கள் எண்ணுவதற்கே எதிரிகள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் நாம்தான். கணக்கெடுப்பில் நம்மை எந்தப் பெயரில் எழுத வேண்டும் என்று அயோத்திதாசப் பண்டிதர் அன்றைக்கே மல்லுக்கட்டினார். 1931க்குப் பிறகு முழுச் சாதிவாரிக் கணக்கு வெளிவரவே இல்லை. 2011இல் எடுத்ததைப் பூட்டி வைத்தார்கள். பீகார் 2023 அக்டோபரில் தன் கணக்கை வெளியிட்ட பிறகுதான், இவ்வளவு காலம் எதை மறைத்தார்கள் என்று நாடு பார்த்தது. அங்கே வெளியிட்டது மொத்த எண்களை. பட்டியல் சாதியினர் 19.65 விழுக்காடு என்று சொன்னார்கள், யார் அந்த 19.65 என்று வீட்டு முகவரி கொடுக்கவில்லை.

எண்ணுவதென்றால் மேலே பார்த்து எண்ணுங்கள். 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து ஊடக நிறுவனங்களில் யார் தலைமையில் இருக்கிறார்கள் என்று எண்ணின. 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் மேல்சாதியினர். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து நாட்டுக்குப் புத்தி சொல்கிறவரின் பெயரை எண்ணுவதும், அறை வாடகைக்குப் பயந்து பூப்படம் வைத்திருக்கும் பெண்ணை எண்ணுவதும் ஒன்றாகுமா? அதே 2019 நவம்பரில், ட்விட்டரின் நீலக்குறி யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று தலித் பகுஜன் தோழர்கள் கேட்டார்கள். பேராசிரியர் திலீப் மண்டலின் கணக்கு முடக்கப்பட்டதில் கிளம்பிய போராட்டம் அது. மும்பை அலுவலகத்தின் வாசல்வரை போனது. அன்று கேட்டது நிறுவனத்தின் கணக்கை. அதை அவர்கள் இன்றுவரை கொடுக்கவில்லை, நம் கணக்கை மட்டும் யார் யாருக்கோ விற்கிறார்கள். 2018இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தபோது ஃபேஸ்புக் இந்தியாவுக்குக் கொடுத்த எண்ணிக்கை நினைவிருக்கிறதா? அந்தச் செயலியை இங்கே நிறுவியவர்கள் 335 பேர். அவர்கள் வழியாகத் தகவல் போயிருக்கக்கூடிய நண்பர்கள் 5,62,120 பேர். 335 பேர் 'சரி' என்று அழுத்தியதற்கு ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் விலை கொடுத்தார்கள்.

ஆகவே, ஆய்வு செய்யும் தங்கை தம்பிகளுக்கு, அண்ணன் அக்காமார் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறோம். எண்ணிக்கை போதுமென்றால் பெயரை எடுக்காதீர்கள். பக்கத்தின் ஃபாலோயர் எண்ணிக்கை வாரவாரம் எப்படி ஏறுகிறது, எந்தப் பதிவுக்கு எவ்வளவு பேர் வந்தார்கள் என்பதற்கெல்லாம் ஒருவர் பெயர்கூடத் தேவையில்லை. பக்கத்தை நடத்துகிறவர்களிடம் கேட்டால் மொத்தக் கணக்கை அவர்களே தருவார்கள், நாங்கள் தருவோம். 'பெயரை ஹேஷ் பண்ணிட்டேன், யாருன்னு தெரியாது' என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். பயனர் பெயர்கள் எல்லாமே வெளியில் இருக்கும்போது, அவற்றையே ஹேஷ் செய்து ஒப்பிட்டால் உங்கள் முகமூடி ஐந்து நிமிடத்தில் கழன்றுவிடும். சாதியை ஊகிக்கும் பத்தியை ஒருபோதும் உண்டாக்காதீர்கள், உங்கள் ஆய்வேட்டுக்கு அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. எடுத்த கோப்பை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று எடுப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். பீமா கோரேகான் வழக்கில் 2018இல் செயற்பாட்டாளர்களின் கணினிகளையும் கைபேசிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். நம் மடிக்கணினியில் இருப்பது நம்முடையது என்று நம்புகிற காலம் அன்றோடு முடிந்தது. அமைப்பு வேலையில் இருக்கும் தோழர்கள் தங்கள் சொந்தக் கணக்கின் ஃபாலோயர் பட்டியலைக்கூடத் தேவையில்லாமல் பதிவிறக்கி வைக்க வேண்டாம்.

அந்த ஆய்வு மாணவருக்குப் பதில் எழுதினோம். கோபமாக எழுதவில்லை. கடைசிப் பத்தியை அழியுங்கள், பிறகு கோப்பையே அழியுங்கள், வேறு யாரிடம் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், உங்கள் நெறிமுறைக் குழு இதைப் பார்த்ததா என்றும் சொல்லுங்கள் என்று கேட்டோம். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தார். தன் கணினியில் அழித்துவிட்டாராம். ஆனால் துறையின் பொது டிரைவில் ஒரு படி இருந்திருக்கிறது, அதைத் திறக்கும் உரிமை ஏழு பேருக்கு உண்டு. எங்களைப் போலவே இன்னொரு பக்கத்துக்கும் அவர்களுடைய பட்டியலை அனுப்பியிருக்கிறார். நெறிமுறைக் குழுவுக்குப் போகவில்லை, 'பப்ளிக் டேட்டா' என்பதால் தேவையில்லை என்று சொன்னார்களாம்.

எங்களிடம் இருந்த கோப்பை அழித்துவிட்டோம். அந்தத் தங்கைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'எத்தனை பேர் பார்த்திருப்பாங்க அக்கா?' என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அன்றிரவே எங்கள் பக்கத்தை அன்ஃபாலோ செய்துவிட்டார். சரியாகத்தான் செய்தார். இந்தப் பதிவை அவருக்குத் தனியாக அனுப்புவோம்.